மதிப்பெண்ணின் கீழ் யாருடைய கையொப்பம்? இசைச் சிகிச்சை மையங்களின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிறப்புப் பள்ளிகளையும் ஆரம்பநிலைத் தலையீட்டு மையங்களையும் நடத்திவரும் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கர்நாடக இசையில் வாய்ப்பாட்டுப் பயின்று, பின்னர் இசைச் சிகிச்சைக்கு வந்து, பதினோரு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் சில மையங்களில் குழந்தைகளோடு பணியாற்றி வருபவள் நான். இசைச் சிகிச்சை அமர்வுகளில் குழந்தைகளை மதிப்பிடுவதற்கான கணினி மென்பொருளை உங்களில் சிலர் வாங்கிவிட்டீர்கள். வேறு சிலர் வாங்கலாமா என்று எங்களைப் போன்றவர்களிடம் கருத்துக் கேட்கிறீர்கள். விற்பனையாளர் திரையில் வண்ண வரைபடங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் எங்கள் ஐயங்களைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் போதவில்லை. போதாததோடு, கருவியைக் கண்டு அஞ்சும் பாட்டு டீச்சரின் புலம்பலாகவும் அவை கேட்டுவிடுகின்றன. ஆகவே எழுத்தில் வைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில், ஆறு வயது மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் என் அறைக்கு வந்தார். அந்தச் சிறுவனுக்கு ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் ஸ்ருதிப்பெட்டியை இயக்கியதும் அதன் பக்கவாட்டில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, ஆதார ஷட்ஜத்தோடு, அதாவது அடிப்படைச் ‘ச’ சுரத்தோடு, இழைய முனகுவான். தாயின் கையில் மைய அலுவலகம் அச்சிட்டுக் கொடுத்த ஒரு பக்க அறிக்கை இருந்தது. நீல நிறத் தூண்களாக ஒரு வரைபடம். அதன் கீழே ‘சமூகத் தொடர்பு: 34.62%’ என்று ஒரு வரி. “கம்ப்யூட்டரே முப்பத்து நாலுதான்னு சொல்லிடுச்சே மேடம், இனிமே இவனுக்குப் பாட்டு வேண்டாம்னு நிறுத்திடுவாங்களா?” என்று கேட்டார்.

அந்த எண்ணைக் கணினி சொல்லவில்லை, நான் சொன்னேன். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், தொடர்ந்து ஐந்து அமர்வுகளை முடித்த களைப்பில், சிறுவன் வீட்டுக்குப் போன பிறகு, நினைவிலிருந்து சில கட்டங்களில் நான் குறியிட்டேன். அந்தப் பகுதிக்குரிய 26 புள்ளிகளில் என் குறிகள் 9 புள்ளிகளாயின. 9-ஐ 26-ஆல் வகுத்தால் 34.62. ஏதேனும் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு படி தாராளம் காட்டியிருந்தால் 38.46 ஆகியிருக்கும். மென்பொருள் செய்தது ஒரு கூட்டலும் ஒரு வகுத்தலும், பிறகு நீல நிறம் பூசியதும்தான். ஆனால் அச்சிட்ட தாளில் என் பெயரும் இல்லை, என் களைப்பும் இல்லை, நினைவிலிருந்து குறியிட்டேன் என்ற செய்தியும் இல்லை. அந்தத் தாய் அதை இயந்திரத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர், முற்றிலும் வேறான இரண்டு வகைக் கருவிகளை ‘மதிப்பீட்டு மென்பொருள்’ என்ற ஒரே பெயரால் நாம் அழைப்பதில் இருக்கிறது. ஒருவகை மென்பொருள் கூட்டும். இன்னொருவகை மென்பொருள் கேட்கும். முதல் வகைக்குக் காதே கிடையாது. இரண்டாம் வகைக்குக் காது உண்டு, ஆனால் அறையில் இருக்கும் குழந்தை யார் என்பது அதற்குத் தெரியாது. உங்களிடம் விலைப்பட்டியல் நீட்டுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தாமாக எடுத்துச் சொன்னதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கூட்டும் வகைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு, அமெரிக்க இசைச் சிகிச்சையாளர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி, 2007-இல் குறுவட்டோடு நூலாக வெளியிட்ட ஐ.எம்.டி.ஏ.பி. என்னும் மதிப்பீட்டு முறையாகும். (மேலே சொன்ன மையத்தில் இருந்தது இதுவன்று.) குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் கருதி அமைக்கப்பட்ட இம்முறையில், பேருடலியக்கம், நுண்ணியக்கம், வாய்த்தசை இயக்கம், புலனுணர்வு, கேட்டுப் புரிதல், வெளிப்படுத்துதல், அறிதிறன், உணர்ச்சி, சமூகத்திறன், இசைத்திறன் என்று பத்துப் புலங்கள் உள்ளன. ஒவ்வொரு புலத்திலும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறன்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு திறனுக்கும் நான்கு நிலைகளில் ஒன்றைச் சிகிச்சையாளர் குறிக்க வேண்டும்: ஒருபோதும் இல்லை, வாய்ப்புகளில் பாதிக்கும் குறைவாக, 50 முதல் 79 விழுக்காடு வரை, 80 விழுக்காடும் அதற்கு மேலும். மென்பொருள் இவற்றைத் தொகுத்துப் புலவாரியாக விழுக்காடும் வரைபடமும் தரும்.

இம்முறையை நான் மதிக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்பதை அது சிகிச்சையாளருக்கு நினைவூட்டுகிறது. பாட்டில் மனம் தோய்ந்துபோய்க் குழந்தையின் கைவிரல்களைக் கவனிக்க மறந்துவிடுகிற என்னைப் போன்றவர்களுக்கு அது நல்ல கடிவாளம். ஆனால் அதன் கணக்கு எவ்வளவு நுண்மையைத் தாங்கும் என்பதை நீங்கள் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அரைமணி நேர அமர்வில், ‘சிகிச்சையாளர் நிறுத்தும்போது தானும் நிறுத்துதல்’ என்பது போன்ற ஒரு திறனைக் காட்டுவதற்குக் குழந்தைக்கு ஏறத்தாழ ஐந்து வாய்ப்புகள் அமையலாம். இரண்டு முறை நிறுத்தினால் 40 விழுக்காடு. மூன்று முறை நிறுத்தினால் 60 விழுக்காடு. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்ததால் மூன்றாவது முறை தவறிப்போனால், குழந்தை ஒரு நிலை கீழே இறங்கிவிடுகிறது. இப்படி ஐந்து வாய்ப்புகளிலிருந்து பிறந்த குறிகளைக் கூட்டி வகுத்து, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை அச்சிடுவது, மரவெட்டி கோடரியால் வெட்டிய துண்டைப் பொற்கொல்லரின் தராசில் நிறுப்பதற்கு ஒப்பானது. தராசு சரியாகத்தான் இருக்கிறது. துண்டு அப்படி வெட்டப்படவில்லை.

கேட்கும் வகைக்கு வருகிறேன். ஃபின்லாந்தில் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் யாக்கோ எர்க்கிலாவும் அவருடைய உடன்பணியாளர்களும் இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் மேட்லாப் என்னும் கணக்கீட்டு மென்பொருள் தளத்தில் உருவாக்கிய இசைச் சிகிச்சைக் கருவித்தொகுப்பு இவ்வகையில் முன்னோடி. சிகிச்சைக்கு வந்தவரும் சிகிச்சையாளரும் மனோதர்மமாக, அதாவது முன்கூட்டி எழுதி வைக்காமல், வாசிப்பதை மிடி இசைக்கருவிகள் (வாசிப்பைக் கணினிக்குத் தரவாக அனுப்பும் மின்னணுக் கருவிகள்) வழியே அது பதிவு செய்கிறது. நொடிக்கு எத்தனை சுரங்கள், எவ்வளவு அழுத்தம், சராசரிச் சுருதி எங்கே இருக்கிறது, லயம் எவ்வளவு தெளிவு, சுருதிநிலை (சுரங்கள் ஓர் ஆதார சுரத்தைச் சுற்றி அமைவது) எவ்வளவு தெளிவு என்றெல்லாம் கணக்கிட்டு, இருவர் வாசிப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து காட்டுகிறது. யார் யாரைப் பின்தொடர்ந்தார், எந்த இடத்தில் இருவரும் ஒன்றாக உயர்ந்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இத்தகைய வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. அரைமணி நேர ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுக்க ஒரு முழு மாலைப்பொழுது ஆகிவிடும். அந்த உழைப்பில் ஒரு பகுதியையாவது இயந்திரம் ஏற்றுக்கொள்ளும் என்றால் அதை வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

கருவிகளுக்கு எதிராகப் பேசுவதற்கு எங்கள் தொழிலின் வரலாறும் இடம் தராது. அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் ஆங்கிலேயச் சிறப்பாசிரியர் கிளைவ் ராபின்ஸும் 1959-இல் இங்கிலாந்தின் சன்ஃபீல்டு குழந்தைகள் இல்லத்தில் இணைந்தபோது, அவர்களுடைய முறையின் உயிர்நாடியாக அமைந்தவற்றுள் ஒலிநாடாப் பதிவும் ஒன்று. அமர்வுகளைப் பதிவு செய்து, பின்னர் இருவரும் உட்கார்ந்து மீண்டும் மீண்டும் கேட்டு, எந்த நொடியில் குழந்தை பதிலளித்தது என்று எழுதி வைத்தார்கள். குழந்தைக்கும் சிகிச்சையாளருக்கும் இடையிலான உறவை மதிப்பிடும் அவர்களுடைய அளவுகோல் அந்தக் கேட்டலிலிருந்தே பிறந்தது. இயந்திரம் அங்கே நினைவாற்றலாக இருந்தது. கேட்டவர்களும் முடிவு செய்தவர்களும் மனிதர்கள்.

கேட்கும் மென்பொருளை நம் குழந்தைகளிடம் கொண்டுவரும்போது எழும் சிக்கல், அந்தக் காது எந்த இசையில் வளர்ந்தது என்பதாகும். சுருதிநிலைத் தெளிவைக் கணக்கிடும் முறைகளில் மிகப் பரவலானது, 1982-இல் கரோல் கிரம்ஹான்சலும் எட்வர்ட் கெஸ்லரும் மேற்கத்திய இசையில் பழகிய கேட்போரிடம் நடத்திய சோதனைகளின் அடிப்படையில் எழுந்தது. வாசிக்கப்படும் சுரங்களை 12 மேஜர், 12 மைனர் என மேற்கத்திய இசையின் 24 சுர அமைப்புகளோடு அது ஒப்பிட்டு, எதனோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்கிறது. ஐரோப்பியக் குழந்தை பியானோவில் வாசிப்பதற்கு இது பொருத்தமாக இருக்கலாம். நம் வீட்டுத் தொட்டிலில் நீலாம்பரி ராகத்தின் சாயலில் ‘ஆராரோ’ கேட்டு வளர்ந்த பிள்ளை, அதே வளைவோடு, சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து இறங்கி முனகினால், அந்த 24 பெட்டிகளில் எதிலும் அது சரியாக உட்காராது. சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகம், மேற்கத்தியக் கணக்குக்கு வெறும் நடுக்கம். ஓர் அசைவுள்ள சுரத்தை நான்கைந்து குட்டிச் சுரங்களாக வெட்டி எண்ணி, ‘சுருதி நிலையற்றது’ என்று குறித்துவிடும். சங்கீத வித்வான் ஒருவர் தோடி ராகத்தில் காந்தார சுரத்தை அசைத்துப் பாடினாலும் அதே குறிப்புதான் கிடைக்கும். அவரை யாரும் சிகிச்சைக்கு அனுப்பமாட்டார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

தாளத்திலும் இப்படித்தான். லயத் தெளிவைத் தேடும் கணக்குகள் சம இடைவெளியில் விழும் அடிகளையே முதலில் தேடுகின்றன. ‘தகிட தகதிமி’ என்று ஏழாக நடக்கும் மிச்ரசாப்பில் தட்டு விழும் இடங்களின் இடைவெளிகள் சமமாக இருப்பதில்லை. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், தாத்தா பஜனையில் தாளம் போடுவதைப் பார்த்தே வளர்ந்தவன், இந்த நடையைக் கஞ்சிராவில் அச்சுப்பிசகாமல் தட்டுவான். கேட்பதற்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். அவனுடைய அமர்வுக்கு ஒரு சோதனை மென்பொருள் தந்த குறிப்பு, ‘ஒழுங்கற்ற தாளம்’. அவன் தாத்தாவிடம் இதை நான் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் விட என்னைக் கவலைக்குள்ளாக்குவது மௌனத்தைப் பற்றிய கணக்கு. அறிவுசார் குறைபாடுள்ள ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மாதக்கணக்கில் மத்தளத்தை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பாடினாலும் நிறுத்தினாலும் அறையை விட்டு வெளியே போனாலும் அந்த அடி மாறாது. அவளைச் சுற்றி அவளே எழுப்பிக்கொண்ட சுவர் அது. ஒருநாள் நான் ஒரு வரியைப் பாடத் தொடங்கியபோது அவள் கை தானாக நின்றது. என் வாயைப் பார்த்தாள். நான் வரியை முடிக்கும்வரை காத்திருந்தாள். முடிந்ததும் ஒரே ஓர் அடி அடித்துவிட்டு மீண்டும் என்னைப் பார்த்தாள். அந்த அமர்வில் இப்படிப் பதினொரு முறை நடந்தது. கதவருகே நின்றிருந்த உதவியாளர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைய பதிவை மென்பொருளில் ஏற்றியபோது, நொடிக்கு எத்தனை சுரங்கள் என்று காட்டும் சுர அடர்த்திக் கோடு முந்தைய வாரங்களை விடச் சரிந்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ‘பங்கேற்பு குறைந்துள்ளது’ என்ற எச்சரிக்கை. பிறரோடு ஒன்றைப் பகிர்வதற்கு முதலில் காத்திருக்கத் தெரிய வேண்டும். பேச்சு வராத குழந்தைகளோடு நாங்கள் பாடும் பாட்டுகளில் பாதி, கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருப்பதற்காகவே பாடப்படுகின்றன. ஒலியை மட்டும் எண்ணும் கருவிக்கு அந்த இடம் வெற்றிடம்.

எண்ணுவதையாவது சரியாக எண்ணுகிறதா என்றால், அதற்கும் எங்கள் அறைகள் இடம் தருவதில்லை. ஒலிக்காப்பு செய்த அறை எந்த மையத்தில் இருக்கிறது? ஸ்ருதிப்பெட்டியின் ரீங்காரம், மின்விசிறியின் இரைச்சல், பக்கத்து அறையில் பிசியோதெரபிக்கு வந்த குழந்தையின் அழுகை எல்லாம் ஒலிவாங்கிக்குள் போகின்றன. ஒருமுறை, பேச்சில்லாத குழந்தை ஒன்று அமர்வில் பதினான்கு முறை தானாகக் குரலெழுப்பியதாக அறிக்கை வந்தது. மகிழ்ச்சி தாங்காமல் பதிவைப் போட்டுக் கேட்டேன். அத்தனையும் ஜன்னலுக்கு வெளியே கோலமாவு விற்றுக்கொண்டு போனவரின் குரல்.

இவ்வளவுக்குப் பிறகும் நீங்கள் ஏன் எண்ணைத் தேடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் உங்கள் மீது எனக்குக் குறையில்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகம் பதிவு செய்யும் தொழில்வகைகளில் பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் முதலியோர் இருக்கிறார்கள். இசைச் சிகிச்சையாளர் என்று தனிவகை இல்லை. புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசைச் சிகிச்சைக்கென்றே கல்வி, ஆய்வு மையம் இயங்கும் காலத்திலும், பெரும்பாலான மையங்களில் எங்கள் அறை ‘பாட்டு கிளாஸ்’ என்றே அழைக்கப்படுகிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவுகிறவர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘முன்னேற்றம் எத்தனை விழுக்காடு’ என்று கேட்கிறார்கள். ஒரு சிறுமி காத்திருந்தாள் என்று எழுதி அனுப்பினால் அடுத்த தவணை வருமா என்ற உங்கள் அச்சம் நியாயமானது. என் சம்பளமும் அந்தத் தவணையில்தான் இருக்கிறது.

ஆனால் எண் வேண்டும் என்பதற்காக எந்த எண்ணும் ஆகாது. ஒன்பது நாடுகளில், 4 முதல் 7 வயது வரையிலான ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு, 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மனோதர்ம இசைச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கும், வழக்கமான கவனிப்போடு பெற்றோருக்கு ஆலோசனையும் வழங்கப்பட்ட குழந்தைகளுக்கும் இடையே, ஐந்து மாத முடிவில், ஆட்டிச அறிகுறிகளை அளக்கும் தரப்படுத்தப்பட்ட கருவியின் சமூக உணர்வுப் பகுதியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளையும் 1,165 பங்கேற்பாளர்களையும் தொகுத்து ஆராய்ந்தபோது, பொதுவான முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் இசைச் சிகிச்சைக்குச் சாதகமான முடிவு கிடைத்தது. சமூக ஊடாட்டம், பேச்சு ஆகியவற்றில் சிகிச்சை முடிவில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. எங்கள் தொழிலுக்கு ஓரளவு கசப்பான முடிவுகள் இவை. ஆயினும் இவற்றை நான் மதிக்கிறேன். ஏனெனில் எதை, எந்த அளவுகோலால், யார் அளந்தார்கள் என்று அவை வெளிப்படையாகச் சொல்கின்றன. 2017-ஆம் ஆண்டுச் சோதனையில், எந்தக் குழந்தைக்கு இசைச் சிகிச்சை தரப்பட்டது என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் அளந்தார்கள். என் குறிகளையே கூட்டி என்னிடமே திருப்பித் தரும் மென்பொருளின் 34.62, இந்த நேர்மைக்கு அருகில்கூட வர இயலாது.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. அதற்குச் சான்றிதழ் வழங்கப் பயன்படுவது ஆட்டிசத்துக்கான இந்திய மதிப்பீட்டு அளவுகோல். அதில் 40 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள். 70-க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை மிதமானது, 107 முதல் 153 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் தீவிரமானது என்று எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. இதுவும் எண்தான், இதிலும் குறைகள் இருக்கும். ஆனால் பெற்றோரிடம் பேசி, குழந்தையை நேரில் பார்த்து மதிப்பிட்டவரின் பெயரும் கையொப்பமும் தாளின் அடியில் இருக்கின்றன. தவறென்று தோன்றினால் அவரிடம் போய்க் கேட்கலாம். கணினியிடம் யார் போய்க் கேட்பது?

ஆகவே உங்களிடம் நான் கேட்பவற்றில் முதன்மையானது இந்தக் கையொப்பம். மென்பொருள் அச்சிடும் ஒவ்வோர் அறிக்கையிலும், குறிகளை இட்டவர் யார், எந்தத் தேதியில், நேரில் பார்த்தா, பதிவைப் பார்த்தா, நினைவிலிருந்தா என்பது எண்ணுக்கு மேலே, எண்ணின் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். மென்பொருளால் இயலாதென்றால் ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும். தசமப் புள்ளிகளை நீக்கிவிடுங்கள். 26-க்கு 9 என்றே எழுதுங்கள், அதைப் படிக்கும் பெற்றோருக்கு எவ்வளவு சிறிய கணக்கு அது என்று விளங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ஒரே பதிவை இரண்டு சிகிச்சையாளர்கள் தனித்தனியே குறியிட்டு, எங்கே மாறுபட்டோம் என்று பேச நேரம் ஒதுக்குங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கான ஊதியம் மென்பொருளின் ஆண்டு உரிமக் கட்டணத்தை விட எத்தனையோ மடங்கு குறைவு. அதிலிருந்து கிடைப்பதோ மிகுதி. என் அனுபவத்தில், நானும் உடன்பணியாளரும் அதிகம் மாறுபடுவது ‘கண்ணோடு கண் பார்த்தல்’ என்ற கட்டத்தில். ஒருவர் கணக்கில் அரை நொடியும் பார்வை. இன்னொருவருக்கு அது வெறும் தலைத்திருப்பம்.

குழந்தையைக் குழந்தையோடு ஒப்பிடும் வரிசைப்பட்டியலை மென்பொருள் தருமானால் அந்த வசதியை முடக்கிவிடுங்கள். இந்தக் குழந்தை தன் சென்ற மாதத்திலிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது என்பதே சிகிச்சைக்குப் பயன்படும் கேள்வி. சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவை எந்த வரைபடத்தின் அடிப்படையிலும் எடுக்க வேண்டாம். பெற்றோர், சிகிச்சையாளர், சிறப்பாசிரியர் மூவரும் அமர்ந்து, வேண்டுமானால் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேசி எடுக்க வேண்டிய முடிவு அது.

பதிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதையும் பொதுவாகத் தடுக்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. மருத்துவத்துறைக்கு அரசு விலக்குகள் அளித்தாலும், குழந்தை அழுவதும் சிரிப்பதும் தாய் உடைந்துபோய்ப் பேசுவதும் அடங்கிய நம் ஒளிப்பதிவுகள் எந்த ஊரின் கணினியில் சேமிக்கப்படுகின்றன, அவற்றைக் கொண்டு அந்த நிறுவனம் தன் அடுத்த மென்பொருளைப் பழக்குகிறதா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நீங்கள் கேட்டாக வேண்டும். சேர்க்கைப் படிவத்தின் நான்காம் பக்கத்தில் பொடியெழுத்தில் ஒரு வரி சேர்த்து, அதன் கீழ் கைநாட்டு வாங்குவதை ஒப்புதல் என்று கொள்ள என் மனம் இடங்கொடுக்கவில்லை.

நம் இசையைக் கேட்கத் தெரிந்த கருவி வேண்டுமென்றால் அதற்கு அடித்தளம் இல்லாமலில்லை. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011 முதல் தலைமையேற்று நடத்திய காம்ப்மியூசிக் ஆய்வுத்திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றது, கர்நாடக இசையின் ராகம், கமகம், தாளம் ஆகியவற்றைக் கணினி எப்படிப் புரிந்துகொள்ளலாம் என்று அதில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கச்சேரிப் பதிவுகளுக்காகச் செய்த அந்த வேலையை, தொட்டில் பாட்டுக்கும் பேச்சு வராத குழந்தையின் முனகலுக்கும் நீட்டுவது எளிதன்று. ஆயினும் வெளிநாட்டு உரிமத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் பணத்தில் நான்கைந்து மையங்கள் சேர்ந்து ஒரு பங்கை ஒதுக்கி, மாணவ ஆய்வாளர் இருவரை எங்கள் அறைகளில் ஆறு மாதம் உட்கார வைத்தால், கமகத்தை நடுக்கம் என்று எழுதாத ஒரு கருவிக்கான தொடக்கமாவது கிடைக்கும். முதல் வேலையாக, கோலமாவுக்காரரின் குரலைப் பிரித்தறிய அதற்குக் கற்றுக்கொடுக்கலாம்.

அந்த ஆறு வயதுச் சிறுவன் இப்போதும் வருகிறான். அவன் தாயிடம் எல்லாக் கட்டங்களையும் விரித்து வைத்து, அந்த 9 புள்ளிகளில் எது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்றாவது கட்டத்திலேயே அவர் என்னைத் தடுத்து, “இது வீட்ல தினமும் பண்றான் மேடம், குக்கர் விசில் வந்தா அதே சுருதியில அவனும் இழுப்பான்” என்றார். அந்தக் கட்டத்தைத் திருத்தி, பக்கத்தில் ‘தாய் கூறியது’ என்று எழுதி, தேதியிட்டு, இருவரும் கையொப்பமிட்டோம். மென்பொருளில் அதற்கு இடமில்லாததால் தாளின் ஓரத்தில்தான் எழுத முடிந்தது. அடுத்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன், அந்த ஓரத்துக்கும் ஒரு கட்டம் கேளுங்கள்.

இப்படிக்கு,
மதிப்பீட்டுத் தாளில் தன் பெயரும் இருக்க வேண்டும் என்று விரும்பும்
ஓர் இசைச் சிகிச்சையாளர்